தடையில்லா வணிக ஒப்பந்தம்: ஒப்புதல் யார் கையில்?

பாரிமுனையைத் தாண்டித் தம்புச் செட்டித் தெருவுக்குள் நுழைந்தால் மாடிக்கு மாடி கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுகள். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கத்தில் தாள் போட்டு, தீர்வை கட்டி, வெளியே எடுத்துத் தருவது அவர்கள் தொழில். அப்படியொரு ஆபீசில் வெகுகாலமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம், தென் கொரியாவோடு இந்தியா போட்ட தடையில்லா வணிக ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். "152/2009" என்றார். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு போட்டது? "46/2011." ஜப்பான்? "69/2011." எதையும் பார்த்துச் சொல்லவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வதுபோல வந்து விழுந்தன.

அவை சுங்க அறிவிக்கைகளின் எண்கள். இறக்குமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற தாளில் சரியான எண்ணைப் போட்டு, சரக்கு அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான சான்றிதழையும் காட்டினால் தீர்வை குறையும், சில சரக்குக்கு இல்லாமலே போகும். 2020-இல் சட்டம் இறுகிய பிறகு சான்றிதழ் மட்டும் போதாது. அந்தப் பொருள் அங்கே எப்படித் தயாரானது, எவ்வளவு மதிப்பு அங்கே சேர்ந்தது என்ற விவரத்தையும் இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும். வேறொரு நாட்டுச் சரக்கு, ஒப்பந்த நாட்டின் முத்திரையோடு உள்ளே வந்துவிடக் கூடாதே. டெல்லியிலோ சியோலிலோ கையெழுத்தான நூற்றுக்கணக்கான பக்கங்கள், ராஜாஜி சாலையில் இருக்கும் சுங்க மாளிகைக்கு வந்து சேரும்போது ஒரு எண்ணாகச் சுருங்கிவிடுகின்றன.

அந்த எண் பிறப்பதற்கு முன்னால், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.பி.க்கள் அந்த ஒப்பந்தத்தின் மேல் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ வாக்களித்தார்களா? இல்லை. இந்தியாவில் அப்படியொரு வாக்கெடுப்புக்கு அவசியமே கிடையாது. ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று டிவியில் நடக்கும் சண்டையில் இந்த விஷயம் பெரும்பாலும் அடிபடுவதில்லை. எனக்கோ இதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 14-ஆவது இனம், வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வதையும் அதை நிறைவேற்றுவதையும் மத்திய அரசின் பொறுப்பில் வைக்கிறது. 73-ஆவது பிரிவு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடிய விஷயங்களில் எல்லாம் மத்திய அரசின் நிர்வாக அதிகாரமும் செல்லும் என்கிறது. ஒப்பந்தம் எப்படிப் போட வேண்டும், யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கலாம். இன்றுவரை போடவில்லை. அரசியல் சாசனத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002-லேயே இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது அப்படியே நிற்கிறது.

ஆக, அமைச்சரவை ஒப்புக்கொண்டால் கையெழுத்து போடலாம். அதற்கப்புறம் தீர்வையைக் குறைக்க, 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 25-ஆவது பிரிவில் அரசுக்குக் கொடுத்திருக்கும் விலக்கு அதிகாரம் போதும். ஓர் அறிவிக்கை வெளியானால் வேலை முடிந்தது. அறிவிக்கைகளை நாடாளுமன்றத்தின் மேஜையில் வைக்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் மேஜைக்கு வரும் நேரத்தில் அவை நடைமுறைக்கு வந்திருக்கும், தம்புச் செட்டித் தெருவில் அந்த எண்ணைப் போட்டுச் சரக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் மாநிலங்களின் இடம் இன்னும் மோசம். மீன்வளமும் விவசாயமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆனாலும் வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற எந்தப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்று 253-ஆவது பிரிவு சொல்கிறது. இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000-இல் வந்த 80-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, சுங்கத் தீர்வையும் மாநிலங்களோடு பகிரப்படும் வரிகளில் ஒன்று. தீர்வையை விட்டுக்கொடுத்தால் அந்தப் பங்கிலும் கை வைத்ததாகிறது. அப்படியிருந்தும் கையெழுத்துக்கு முன் மாநில அரசைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

பிரிட்டன் ஒப்பந்தத்தில் நடந்தது

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் விரிவான பொருளாதார, வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியப் பொருட்களில் 99 சதவீத வகைகளுக்குப் பிரிட்டன் தீர்வையை நீக்க ஒப்புக்கொண்டது. துணிக்கு அங்கே 12 சதவீதம் வரை தீர்வை இருந்தது, இறாலுக்கு 4.2 முதல் 8.5 சதவீதம் வரை. பதிலுக்கு, ஸ்காட்ச் விஸ்கிக்கு நாம் வாங்கிக்கொண்டிருந்த 150 சதவீதத்தை உடனே 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைக்க வேண்டும். நூறு சதவீதத்தைத் தாண்டிய கார் தீர்வை, குறிப்பிட்ட எண்ணிக்கைவரை 10 சதவீதத்துக்கு இறங்கும். மத்திய அரசின் டெண்டர்களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் போட்டியிடலாம்.

இனி அதே ஒப்பந்தம் இரண்டு தலைநகரங்களில் கடக்க வேண்டிய பாதையைப் பாருங்கள். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் நாடாளுமன்றத்தில் வைத்து, அவை கூடும் நாட்களாக 21 நாள் காத்திருக்க வேண்டும். மக்களவை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் அரசு விளக்கம் சொல்லி இன்னொரு 21 நாள் காத்திருக்க வேண்டும், மறுபடியும் எதிர்த்தால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். இடையில் இரு அவைகளின் குழுக்களும் ஒப்பந்தத்தைப் பிரித்து ஆராயும். விவசாயத்துக்கும் உணவுத் தரத்துக்கும் என்ன ஆகும் என்று தனியாக ஓர் ஆணையம் அறிக்கை தர வேண்டும்.

இதுவே போதாது என்று அங்குள்ள எம்.பி.க்களே பலகாலமாகக் குறைப்பட்டு வருகிறார்கள். விவாதம் கட்டாயமில்லை, திருத்தம் கொண்டுவர முடியாது என்பது அவர்கள் வருத்தம். என்றாலும் அரசியல் நடந்தது. இந்தியாவிலிருந்து தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்களும் அவர்களை அனுப்பும் கம்பெனிகளும் மூன்றாண்டு வரை அங்கே சமூகப் பாதுகாப்புக்கான தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு கட்ட வேண்டாம் என்ற ஏற்பாட்டை எதிர்க்கட்சிகள் கையில் எடுத்தன. உள்ளூர்த் தொழிலாளியின் வேலைக்கு இது ஆபத்து என்று எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனாக்கே பேசினார். அந்த வாதம் சரியென்று நான் சொல்லவில்லை. இதே விலக்கு இங்கு வரும் பிரிட்டிஷ் ஊழியருக்கும் உண்டு. ஆனால் ஒரு பிரிவைச் சுட்டிக்காட்டி அரசைப் பதில் சொல்ல வைக்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

இங்கே அமைச்சரவை ஒப்புதல், கையெழுத்து, பிறகு பத்திரிகைச் செய்தி. மருந்துக் காப்புரிமை பற்றிய பகுதியைப் பார்த்து, கட்டாய உரிமம் வழங்கும் (காப்புரிமை உள்ள மருந்தை வேறு கம்பெனியும் தயாரிக்க அரசே அனுமதிக்கும்) நம் உரிமை வலுவிழக்குமோ என்று பொதுச் சுகாதார அமைப்புகள் எழுப்பிய கவலை சாதாரணமானதல்ல. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் மருந்துச் சீட்டோடு நிற்கும் குடும்பத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி அது. அதற்குப் பதில் கையெழுத்துக்கு முன்னால் அவையில் பதிவாகியிருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி

வாக்கெடுப்பு வைத்தால் எல்லாம் சுமுகமாக நடந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசியல் சாசனம் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குக் கொடுத்திருப்பதால், பெரிய தடையில்லா வணிக ஒப்பந்தங்கள் அங்கே வாக்கெடுப்புக்கு வருவது வழக்கம். கொரியாவோடு 2007 ஜூன் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் அப்படித்தான் நான்காண்டுக்கு மேல் கிடந்தது. கார் விஷயத்தில் மறுபடி பேரம் பேசி, 2011 அக்டோபர் 12 அன்றுதான் காங்கிரஸ் ஒப்புதல் தந்தது. அடுத்த மாதம் 22-ஆம் தேதி கொரிய நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி அவசரமாக அவையைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அவைக்குள்ளேயே கண்ணீர்ப்புகைக் குண்டை வெடித்தார். ஒப்பந்தம் நிறைவேறியது.

கனடா இன்னும் சுவையான உதாரணம். அமெரிக்காவோடு 1988 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தை, எதிர்க்கட்சி கையிலிருந்த செனட், 'முதலில் தேர்தலைச் சந்தியுங்கள்' என்று நிறுத்தி வைத்தது. அந்த நவம்பரில் நடந்த தேர்தல் முழுக்க இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஒப்பந்தத்தை எதிர்த்த இரு கட்சிகளும் சேர்ந்து பாதிக்கு மேல் ஓட்டு வாங்கின. இடங்களில் பெரும்பான்மை, ஒப்பந்தம் போட்ட பிரதமர் மல்ரோனியின் கட்சிக்குப் போனது. 1989 ஜனவரி 1 அன்று ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. எதிர்த்தவர்கள் தோற்றார்கள், ஆனால் தாங்கள் கேட்கப்படவில்லை என்று அவர்களால் சொல்ல முடியாது.

நம்மோடு ஒப்பந்தம் போட்ட ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்து. அது அவர்களது நாடாளுமன்ற ஒப்பந்தக் குழு முன் போய், நவம்பரில் சட்டமாகி, டிசம்பர் 29 அன்று அமலுக்கு வந்தது. ஒரே தாளில் இரண்டு கையெழுத்து. கான்பெரா எம்.பி.க்கு அதில் ஓட்டு உண்டு, வட சென்னை எம்.பி.க்கு இல்லை.

இந்திய நாடாளுமன்றத்துக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதிப்பது அமைச்சரவை முடிவுதான். ஆனாலும் 2012 டிசம்பர் 5 அன்று மக்களவை அதன்மேல் வாக்களித்தது. எதிர்த் தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது. அரசு கவிழவில்லை, முதலீட்டாளர் ஓடிப்போகவும் இல்லை.

காசிமேட்டுக் கணக்கு

சரி, இவ்வளவு கேட்கிறோமே, ஒப்பந்தத்தால் நம் பக்கத்துக்கு ஆவதென்ன? பிரிட்டன் ஒப்பந்தம் வந்த அன்று 'இனி இறாலுக்குத் தீர்வை இல்லை' என்ற செய்தியைப் படித்துவிட்டு, காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் உறவினர் போன் பண்ணினார். "மாமா, நம்ம எறாலுக்கு வெல ஏறுமா?" என்றார். நேராகப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

முதலாவது, ஏற்றுமதி இறாலில் பெரும்பங்கு பண்ணையில் வளரும் வன்னாமி வகை. ஆந்திரக் குளங்களில் வளர்வது அதிகம், பழவேற்காடு, பொன்னேரி பக்கமும் உண்டு. படகில் வரும் இறாலின் கதை வேறு. அமெரிக்கா சில ஆண்டுகளாகவே இந்தியக் கடல் இறாலை வாங்குவதில்லை. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்பது காரணம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நாமே பார்த்தோம். எனவே தீர்வை பூஜ்யமானாலும் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எந்தப் படகு, எங்கே, எப்போது பிடித்தது என்று கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் தரும் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். சுகாதாரச் சோதனையில் தேற வேண்டும். ஏலம் விடும் தரையில் ஐஸும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்பதுவரை இது வந்து நிற்கும்.

இரண்டாவது, தீர்வையைக் கட்டுவது வாங்கும் நாட்டின் இறக்குமதியாளர். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 8.5 சதவீதம் என்றால் 8,500 ரூபாய். அது மிச்சமாகும்போது முதலில் விழுவது லண்டன் வியாபாரியின் கையில். அதில் எவ்வளவு இந்திய ஏற்றுமதிக் கம்பெனிக்கு வரும், அதிலிருந்து இடைத்தரகருக்கு எவ்வளவு, படகுக்காரருக்கு எவ்வளவு, அவரிடம் பங்குக்குப் போகும் ஆட்களுக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. கரையில் யாருக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறதோ அவருக்குப் போகும். முன்பணம் வாங்கியிருக்கும் படகுக்காரருக்கு அந்தப் பலம் குறைவு.

இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். அப்படியும் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதத் தீர்வை விதித்தபோது, ஒரே சந்தையை நம்பியிருந்தால் என்னாகும் என்று இறால் தொழிலும் திருப்பூரும் நன்றாகவே கண்டன. இன்னொரு கதவு திறப்பது நல்லதுதான். வங்கதேசத் துணி தீர்வையில்லாமல் பிரிட்டனுக்குள் போகும்போது நம் துணி மட்டும் 12 சதவீதம் வரை கட்டிக்கொண்டு போட்டி போட்டதும் நியாயமில்லை. நான் ஒப்பந்தமே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை.

அதே சமயம் மறுபக்கம் திருவொற்றியூரில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான புல்லட் வண்டியை, 1955 முதல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா (இன்றைய ராயல் என்ஃபீல்டு) தயாரித்தது. முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள், பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த காலம் அது. தாய்க் கம்பெனி எழுபதுகளின் தொடக்கத்தில் மறைந்துபோனது, திருவொற்றியூர் நிலைத்தது. இன்று இங்கு உருவாகும் வண்டி இங்கிலாந்துக்கே போகிறது. எந்தத் தொழிலுக்கு எத்தனை ஆண்டு வேலி வேண்டும், எப்போது வேலியை எடுக்கலாம் என்பதுதான் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் முடிவாகிறது. கொரியாவோடு போட்டதில் நமது வணிகப் பற்றாக்குறை பெருகி, ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று இந்தியாவே பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. முன்னமே அவையில் வைத்து, துறை துறையாகப் பேசியிருந்தால் அந்த ஓட்டைகளில் சிலவாவது கண்ணில் பட்டிருக்கும்.

காலாடிப்பேட்டையிலிருந்து பார்த்தால்

திருவொற்றியூரில் காலாடிப்பேட்டை என்று நாம் சொல்லும் இடம், காலெட் பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனிக்குத் துணி நெய்யத் தறிக்காரர்களைக் குடியேற்றிய பேட்டை. வண்ணாரப்பேட்டையின் பெயரும் அந்தத் துணியை வெளுத்தவர்களால் வந்தது. காலெட் இங்கே தறி போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1719-இல், லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, இந்தியத் துணி உடுத்திய பெண்களின் உடையைக் கிழித்தார்கள். அவர்கள் கூச்சல் நாடாளுமன்றத்துக்குள் கேட்டது. அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியை 1700-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடுத்திருந்த அவை, 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணி உடுத்துவதையே பெரும்பாலும் தடைசெய்தது.

அந்த நெசவாளர்கள் செய்தது வன்முறை. ஆனால் அவர்களுக்கு முறையிட ஓர் அவை இருந்தது. காலாடிப்பேட்டைத் தறிக்காரருக்கு அது எங்கும் இல்லை. தன் துணியைப் பற்றிய முடிவு எங்கே, யாரால் எடுக்கப்பட்டது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று நமக்கென்று ஓர் அவை இருக்கிறது. இருந்தும் இந்த ஒரு விஷயத்தை நாம் அதன் வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

எதிர்வாதங்கள் உண்டு. எம்.பி.க்கள் கையில் கொடுத்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு விலக்கு கேட்பார்கள், எந்த நாடும் நம்மோடு பேச வராது என்பார்கள். பேரம் நடக்கும்போது சீட்டைக் காட்டக் கூடாது என்பதை ஏற்கிறேன். பேரம் முடிந்து கையெழுத்தாகும் வாசகத்துக்கு என்ன ரகசியம்? அதைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டு, நாடாளுமன்ற நிலைக்குழு மூன்று மாதம் ஆராய்ந்து, கடலோர மாநிலங்களையும் ஆலைத் தொழிலாளரையும் அழைத்துக் கேட்டு, கடைசியில் திருத்தமில்லாமல் ஆம், இல்லை என்று ஒரே வாக்கு. அமெரிக்காவில் 2011-இல் அப்படித்தான் செய்தார்கள். நிலைக்குழு இன்றும் இருக்கிறது, அறிக்கையும் தருகிறது. அதை அரசு ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

வாக்கெடுப்பு இல்லாதபோது எதிர்ப்பு தெருவில்தான் நடக்கும். ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்து 2009 அக்டோபர் 2 அன்று கேரளத்தில் மனிதச் சங்கிலி நின்றது. ரப்பரும் மிளகும் விலை சரியும் என்ற பயம். ஒப்பந்தம் மூன்று மாதத்தில் அமலுக்கு வந்தது. 2019 நவம்பர் 4 அன்று ஆர்.சி.இ.பி. என்ற, ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வணிகக் கூட்டுக்கான பேச்சிலிருந்து பாங்காக்கில் இந்தியா விலகியது. பால் உற்பத்தியாளரும் விவசாயிகளும் எதிர்த்ததற்கு அதில் பங்கு உண்டு. ஒருமுறை கேட்டது, ஒருமுறை கேட்கவில்லை. எது கேட்கும் என்பது அன்றைய அரசின் கணக்கைப் பொறுத்தது. சங்கமும் கூட்டுறவும் உள்ள பால்காரர் குரல் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. பங்குக்குக் கடலுக்குப் போகும் ஆளுக்கு அந்த அளவு சங்க பலம் இல்லை.

உறவினருக்கு, ஒப்பந்தத்தின் தீர்வை அட்டவணையில் மீனுக்கான மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துக் கணவாய், இறால், வாளை என்று அவர் பிடிக்கும் வகைகளை மட்டும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நம்மவர்கள் தீர்வை குறைக்கப்போகும் பட்டியலில் பிரிட்டிஷ் சால்மனும் இருப்பதைக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். போகும்போது, "இத எலக்சனுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாமே மாமா" என்றார்.